வாசலுக்கும் பீலிக்கும் நடுவில்

எங்கள் காம்பரா வாசலிலிருந்து ரோட்டுக்கு நாலு எட்டு. ரோட்டைக் கடக்க எனக்கு ஒன்பது எட்டு, என் வீட்டுக்காரருக்குப் பதினாறு. கடந்து போனால் பீலி. மலை ஊற்றுத் தண்ணீர் ரோட்டுக்கு அடியில் குழாய் வழியாக வந்து அந்தப் பக்கம் விழுகிறது. குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாம் அதுதான். பீலியை ஒட்டி ஆறு படி கீழே இறங்கினால் ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள் இருக்கிற எங்கள் லயத்துக்கு உரிய கக்கூஸ் வரிசை. எந்தத் துரை காலத்தில் இப்படிக் கட்டினார்களோ தெரியாது. வீடு இந்தப் பக்கம், தண்ணீரும் கக்கூசும் அந்தப் பக்கம். அப்போதெல்லாம் தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறி ஒரு நாளைக்கு இரண்டு தடவை வரும். மற்ற நேரம் ஆடும் கோழியும்தான் ரோட்டில் நடந்தன. யாருக்கும் அது ஒரு குறையாகப் படவில்லை.

நோர்வூட்டுக்குப் போகிற பெரிய ரோட்டிலிருந்து பிரிந்து எங்கள் மலைக்கு ஏறுகிற வழி இது ஒன்றுதான். இப்போது ஆட்டோ வருகிறது, ஸ்கூல் வேன் வருகிறது, மரக்கறி லொறி வருகிறது. தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து பிள்ளைகள் வந்தால் மோட்டார் சைக்கிள்களும் வரும். இரண்டு வாகனம் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போய், லயத்துக் கடைசியில் இருக்கிற வளைவில் ஒதுங்க வேண்டும். அதற்குள் ஹோர்ன் அடித்து, ஒருவரை ஒருவர் ஏசி, வாசலோரத் திண்ணையான எங்கள் இஸ்தோப்பில் காயப்போட்ட துணியெல்லாம் புகை வாசம் பிடித்துவிடும்.

என் வீட்டுக்காரர் இந்த ரோட்டுக்குக் கான் வெட்டியவர். மழைத் தண்ணீர் ஓடுகிற கானைத் தோண்டுவது, துப்புரவு செய்வது, இடிந்த ஓரத்துக்குக் கல் அடுக்குவது, இதுதான் அவருக்குத் தோட்டத்தில் கடைசி வரைக்கும் வேலை. நாலு வருசத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறும். எனக்கு மட்டும் முக்கால்வாசி விளங்கும். ஊன்றுகோல் வைத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை அந்தப் பக்கம் போய் வருவார். என் கையைப் பிடிக்க மாட்டார். லயத்துச் சனம் முழுக்கப் பார்க்கும் என்ற கூச்சம் அவருக்கு.

அதனால் நான் ஒரு வழி வைத்திருந்தேன். அவர் கிளம்புகிற நேரம் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடு ரோட்டில் போய் நிற்பேன். சும்மா ஒரு பொம்பளை நடு ரோட்டில் நின்றால் டிரைவர்மார் ஹோர்ன் அடிப்பார்கள். குடத்தோடு நின்றால் தண்ணீருக்குப் போகிறாள் என்று மெதுவாக்குவார்கள். நான் பீலியில் கூட்டமா என்று எட்டிப் பார்க்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு நிற்க, எனக்குப் பின்னால் அவர் பதினாறு எட்டு வைத்துப் போய்விடுவார். இதை அவரிடம் நான் சொன்னதுமில்லை, அவர் கேட்டதுமில்லை. திரும்பி வரும்போது குடம் நிறைந்திருக்கும்.

ஒரு நாள் தோட்டத் தலைவர் எங்கள் இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்தார். மேலே பைன் மரங்களுக்குக் கீழே இருக்கிற வெட்டையில் தனித்தனி வீடு கட்டப் போகிறார்களாம், ஆளுக்கு ஏழு பேர்ச் காணி, என் மகளின் பெயரும் லிஸ்டில் இருக்கிறதாம். என் மகள் அப்போதுதான் மலையிலிருந்து வந்து கூடையை இறக்கியிருந்தாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள்.

அழாமல் என்ன செய்வாள். எங்களுக்கு ஒரு காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, பின்னால் குசினி. அதில் நாங்கள் இரண்டு பேர், மகள், அவளுடைய வயசுக்கு வந்த இரண்டு பெண் பிள்ளைகள். மருமகன் கொழும்பில் கடையில் வேலை, மாசத்துக்கு ஒரு தடவை வந்தால் இஸ்தோப்பில் படுப்பார். நடுவில் ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம், அதுதான் சுவர். பிள்ளைகள் உடுப்பு மாற்றும்போது தாத்தா வாசலைப் பார்த்துத் திரும்பி உட்காருவார். இதற்கு மேல் நான் எழுதத் தேவையில்லை.

சந்தோசம் ஒரு கிழமைதான் இருந்தது. அதற்குப் பிறகுதான் கல்லும் மணலும் சீமெந்தும் எந்த வழியாக மேலே போகும் என்று அடுத்த காம்பராப் பொம்பளை கேட்டாள். அவள் என்னைவிட வயசில் குறைந்தவள், என்னை அக்கா என்பாள். மனதில் வருவது வாயில் வந்துவிடும். அவள் பெயர் லிஸ்டில் இல்லை.

"கட்டி முடிஞ்சா மட்டும் என்ன, அக்கா? அம்புட்டு வீட்டுக்கும் ஆட்டோ, வேன், விசேசத்துக்குப் பஸ், எல்லாம் நம்ம குசினி அடுப்புக்குப் பக்கத்தாலதானே போவும். பேசாம சோத்துச் சட்டிய ரோட்டுல வைக்கலாம்."

கோயில் முற்றத்தில் கூட்டம் வைத்தார்கள். வீடு கிடைக்கிறவர்கள் ஒரு பக்கமும் கிடைக்காதவர்கள் ஒரு பக்கமுமாகத் தானாகவே பிரிந்து உட்கார்ந்துவிட்டோம். கீழே பழைய வண்டிப் பாதை ஒன்று இருக்கிறது, லயத்தைத் தொடாமல் தேயிலைக்கு நடுவால் மேலே போகும், அதைப் பெருப்பித்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். தலைவர் தலையில் கையை வைத்தார்.

"தேயிலை மரத்தப் புடுங்கணும்னா தோட்டத்துல எழுதிக் கேக்கணும், அங்கிட்டு இருந்து மேல கேக்கணும். அது முடியிறதுக்குள்ள இந்த வீடெல்லாம் வேற தோட்டத்துக்குப் போயிரும். அப்புறம் எங்கிட்ட வந்து தலைவரே தலைவரேன்னு நிக்கக் கூடாது."

"அப்ப வீடு கெடைக்கிறவங்களுக்கு வீடு, எங்களுக்குத் தூசியா?" என்றாள் அடுத்த காம்பராக்காரி.

"உனக்குப் பொறாமை," என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள்.

"ஆமா, பொறாமைதான். ஒனக்கு ஏழு பேர்ச், எனக்கு ஏழு தும்மலு."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவள் சிரிக்காமல் என்னைப் பார்த்துத் திரும்பினாள். "அக்கா, நீங்க சொல்லுங்க. எங்க பேச்ச ஆரும் எடுக்க மாட்டாங்க. ஒங்க வீட்டுக்காரரு நெலமையச் சொன்னா கேப்பாங்க. லிஸ்டுல பேரு இருக்கிறவங்களே சொன்னா அதுக்கு ஒரு மதிப்பு."

என் மகள் என் முழங்கையைப் பிடித்தாள். பலமாக இல்லை. காதுக்குக் கிட்ட வந்து, "அம்மா, வாயத் தொறக்காதீங்க," என்றாள். எனக்குக் கூட்டத்தில் பேசி வழக்கமில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு தரையில் கிடந்த சூடத்துத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கை இந்தப் பக்கமும் ஒரு கை அந்தப் பக்கமும் இழுத்தால் நடுவில் இருக்கிறவள் எங்கே போவாள்.

கடைசியில் ஒரு விசயம் ஒத்துக்கொண்டார்கள். ரோட்டை வந்து பாருங்கள், இதில் லொறி போகலாமா என்று நீங்களே சொல்லுங்கள் என்று வீடு கட்டித் தருகிற கந்தோருக்கு எழுதி அனுப்பினார்கள். அதில் வீடு வேண்டாம் என்றும் இல்லை, வேண்டும் என்றும் இல்லை. அதனால் நானும் என் பெயரை எழுதினேன்.

இப்போது நாங்கள் செய்த வேலையைச் சொல்ல வேண்டும்.

ஐயாமார் இன்ன நாள் ரோட்டைப் பார்க்க வருகிறார்கள் என்று கணக்கப்பிள்ளை காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டில் சொல்லிவிட்டார். பெரியவர்கள் வருகிறார்கள் என்று சொன்னால் லயத்தில் என்ன நடக்கும் என்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் அம்மா காலத்திலிருந்து அதுதான் பழக்கம். துரை லயம் பார்க்க வந்தால் ஆட்டைப் பின்னால் கட்டுவோம், வாசலுக்குச் சாணி மெழுகுவோம், கிழிந்த துணியைக் கொடியிலிருந்து எடுப்போம். இந்தத் தடவையும் யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை. விடிந்ததும் பொம்பளைகள் ஈர்க்குமாறு எடுத்து வளைவிலிருந்து வளைவு வரைக்கும் ரோட்டைக் கூட்டினோம். ரோட்டோரம் அடுக்கியிருந்த விறகைத் தூக்கிக் குசினிக்குப் பின்னால் போட்டோம். ஆட்டோ வைத்திருக்கிற பிள்ளைகள் ஐந்து ஆட்டோவையும் ஸ்கூல் மைதானத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். மரக்கறி லொறிக்காரனுக்குப் போன் எடுத்து, இன்றைக்கு வராதே என்றார்கள். கொழுந்தைக்கூடக் கணக்கப்பிள்ளை அன்றைக்குக் கீழ் மடுவத்தில் நிறுக்கச் சொன்னதால் கொழுந்து லொறி மேலே வரவில்லை.

"பெரிய ஆளுக வந்தா நம்ம ரோட்டும் சட்டை மாத்திக்கிருது," என்று அடுத்த காம்பராக்காரி சொன்னாள். சொல்லிக்கொண்டே அவளும் கூட்டினாள். அவளுக்கும் அப்போது உறைக்கவில்லை.

என் மகள் அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, விழுந்த கையின் மேல் துவாயைப் போட்டு மூடி, இஸ்தோப்பில் நாற்காலியில் உட்கார வைத்தாள். பார்க்கிறவர்களுக்குக் கல்யாண வீட்டில் உட்கார்ந்திருக்கிற பெரிய மனுசர் மாதிரி இருந்தார்.

வெள்ளை வாகனத்தில் மூன்று பேர் வந்தார்கள், ஒருவர் பொம்பளை. எங்கள் வாசலுக்கு நேரேதான் இறங்கினார்கள். இரண்டு பேர் டேப் பிடித்து ரோட்டை அளந்தார்கள். வெறும் ரோட்டு. ஒரு ஆடு இல்லை, ஒரு விறகுக் கட்டை இல்லை. அரை மணித்தியாலம் நின்றார்கள், ஒரு வாகனம் வரவில்லை. எனக்கே ரோட்டு அன்றைக்கு அகலமாகத் தெரிந்தது.

அந்த அம்மா எழுதிக்கொண்டே என்னைப் பார்த்து, "ப்ரஷ்னயக் தியெனவாத அம்மே?" என்று கேட்டார். ஏதாவது பிரச்சினை இருக்கிறதா என்று, அன்பாகத்தான் கேட்டார்.

எத்தனை வருசம் பெரட்டில் நின்றிருக்கிறேன். துரை கூடையைப் பார்த்து, காலைப் பார்த்து, எல்லாம் சரியா என்று கேட்டால் சரிங்க துரை என்பதுதான் பதில். காய்ச்சலோடு நின்றாலும் அதுதான் பதில். அந்தப் பதில் வாய்க்குள் எப்போதும் தயாராகத்தான் இருந்தது போல. "நே மிஸ்," என்றேன். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.

அப்போது என் வீட்டுக்காரர் ஊன்றுகோலால் தரையைத் தட்டினார். இடது கையை நீட்டி, பீலிப் பக்கத்து ஓரத்தைக் காட்டி, "ஓம்... ஓம்..." என்றார். ஓரம் என்கிறார். எனக்கு உடனே விளங்கியது. அந்த ஓரம் வெறும் மண், மேலேதான் கல் அடுக்கியிருக்கிறது, பாரம் தாங்காது என்று நடக்கிற காலத்திலேயே அவர் சொல்லிக்கொண்டிருந்தவர். அந்த அம்மா, ஐயா என்ன சொல்கிறார் என்று சிங்களத்தில் கேட்டார்.

என் மகள் சட்டென்று முன்னால் வந்தாள். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகச் சொல்றாரு," என்று சிங்களத்தில் சொன்னாள்.

மூன்று பேரும் சிரித்து, அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். மகளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். நான் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போய்விட்டேன்.

பாதை போதும் என்று கடிதம் வந்து கோயில் சுவரில் ஒட்டினார்கள். அதைப் படித்துவிட்டு அடுத்த காம்பராக்காரி நேரே என் வாசலுக்கு வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்தேன். வாசற்படியில் உட்கார்ந்து, "ஈர்க்குமாத்த நானும்தானேக்கா புடிச்சேன்," என்றாள். வெத்தலை கேட்டாள். கொடுத்தேன்.

லொறிகள் வர ஆரம்பித்தன. முதலில் வெட்டையை நிரவுகிற பெக்கோ மெசின், பிறகு கல், பிறகு மணல். ஏறும்போது இரைச்சல், இறங்கும்போது பிரேக் சத்தம். மேலே போகிற லொறிக்காக ஸ்கூல் வேன் வளைவில் நிற்க, வேனுக்குப் பின்னால் ஆட்டோக்கள் நிற்க, பெரட்டுக்கு ஓடுகிற பொம்பளைகள் நடுவில் பக்கவாட்டில் புகுந்து போவார்கள். பேத்திகள் ஒரு காலை வேளையில் ஸ்கூலுக்குப் போக முடியாமல் வாசலிலேயே நின்று திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

பிறகு அடைமழை பிடித்தது. ஒரு விடியலில் பார்த்தால் பீலிப் பக்கத்து ஓரம் வெடித்து, ஒரு முழம் கீழே இறங்கியிருந்தது. அவர் இஸ்தோப்பிலிருந்து அதைப் பார்த்தார். ஊன்றுகோலை இரண்டு தடவை தரையில் தட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து லொறிகள் அந்த ஓரத்துக்குப் பயந்து எங்கள் பக்கம் ஒட்டிப் போயின. வாசலுக்கு நாலு எட்டு என்று சொன்னேனே, அதில் இரண்டு எட்டு லொறிக்குப் போய்விட்டது.

என் குடம் இனிச் செல்லுபடியாகவில்லை. வருகிற டிரைவர்கள் எல்லாம் வெளி ஆட்கள். ஒரு நாள் நான் நடுவில் நிற்க, அவர் பாதி ரோட்டில் இருந்தார், மேலேயிருந்து காலி லொறி ஒன்று வேகமாக இறங்கிவிட்டது. பிரேக் பிடித்து நின்றது, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவருக்குக் கால் எழவில்லை. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. கடைசியில் டிரைவரும் இன்னொருத்தரும் இரண்டு பக்கமும் அக்குளில் கை கொடுத்து அவரைத் தூக்கி இஸ்தோப்பில் வைத்தார்கள். லயம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரம் நனைந்திருந்தது.

அதற்குப் பிறகு அவர் ரோட்டுக்கு இறங்கவில்லை. சேலை மறைப்புக்குப் பின்னால் ஒரு வாளி வைத்தோம். பேத்திகள் அந்த நேரம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய் நிற்பார்கள். ஒரு நாலைந்து நாளில் அவர் தேயிலைச் சாயத்தண்ணியை வேண்டாம் என்றார். பிறகு தண்ணீரையும் குறைத்தார். பசியில்லை என்று கையைக் காட்டுவார். உள்ளே ஒன்றும் போகாவிட்டால் வெளியே ஒன்றும் வராது தானே, அதற்குத்தான். உதடு வெடித்துவிட்டது. டிஸ்பென்சரியில் இப்படியே விட்டால் மூத்திரப்பை கெட்டுப்போகும் என்றார்கள்.

மகளிடம் சொன்னேன். அவள் கண்ணாடியைப் பார்த்துத் தலைக்குத் துணி கட்டிக்கொண்டே, "வீடு வந்துரும்மா. அங்க வீட்டோடயே கக்கூசு. கொஞ்ச நாளு பொறுத்துக்கிட்டா என்ன," என்றாள். அவள் சொன்னதும் சரி. அந்தக் கொஞ்ச நாளை அவர் எப்படித் தாண்டுவார் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தலைத்துணி முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள்.

அடுத்த நாள் காலையில் நான் ஒரு குவளை சாயத்தண்ணி ஊற்றி அவர் கையில் கொடுத்தேன். "குடிங்க. நான் போய் நிக்கிறேன்," என்றேன். இத்தனை வருசத்தில் அதை வாயால் சொன்னது அன்றைக்குத்தான். குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நடு ரோட்டுக்குப் போய் நின்றேன்.

கல் ஏற்றிய லொறி ஒன்று ஏறி வந்து எனக்கு முன்னால் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார். வட்டவளைப் பக்கத்து ஆள் என்று பிறகு தெரிந்தது.

"அம்மா, பீலி அங்கிட்டு இருக்கு."

"தெரியும் தம்பி. அவரு வாராரு."

"யாரு வாராரு?"

வாசலில் யாரும் இல்லை. பின்னால் இன்னொரு லொறி, அதற்குப் பின்னால் வேன். ஹோர்ன் அடித்தார்கள். இடுப்பில் நிற்காமல் ஆடிய குடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அடுத்த காம்பராக்காரி வெளியே வந்து, "ஏ தம்பி, மெசின நிப்பாட்டு. கல்லு என்ன அவியவா போகுது?" என்றாள். டிரைவர் எஞ்சினை நிறுத்தினார். அந்த அமைதியில் உள்ளேயிருந்து ஊன்றுகோல் சத்தம் கேட்டது.

வந்தார். பழைய சாரம், பழைய பெனியன். யாரையும் பார்க்கவில்லை. பதினாறு இல்லை, நான் எண்ணியது இருபத்து மூன்று எட்டு. பெரட்டுக்குக் கிளம்பிய என் மகள் கூடையோடு லயத்துக் கடைசியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த லொறியில் இருந்த கல் அவளுடைய வீட்டு அத்திவாரத்துக்கும் சேர்த்துத்தான் போகிறது. அப்பா பீலிப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் அவள் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

அவர் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து கீழே இறங்கினார். லொறி மறுபடி எஞ்சினைப் போட்டது, நான் இந்தப் பக்கம் ஒதுங்கினேன். அது போக, அடுத்தது, பிறகு வேன், பிறகு ஆட்டோக்கள். தேங்கி நின்றதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தது. மேலேயிருந்தும் ஒன்று இறங்கி வரச் சத்தம் கேட்டது. சக்கரங்களுக்கு நடுவால் பார்த்தேன். அவர் மேல் படிக்கு வந்துவிட்டார். வெடித்த ஓரத்துக்கு இந்தப் புறம் கால் வைக்காமல், ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு, என் பக்கம் பார்த்து நின்றார். முகத்தில் தண்ணீர். பீலியில் கழுவியிருக்கிறார்.

அவர் திரும்பி வர வேண்டும். சாயந்திரம் மறுபடி போக வேண்டும். நாளைக்கும். குடம் இடுப்பில் காலியாக இருந்தது. இடைவெளி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டு நான் இந்தப் பக்கம் நின்றேன், அவர் அந்தப் பக்கம் நின்றார்.